ஒண்ணும் பயமில்லையாம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் முதலில் த்ரீவீலரைக் கூப்பிட மாட்டார்கள். சின்னம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவர் சொந்தச் சின்னம்மா இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் தனியாகக் குடியிருந்தவர். நான் கூப்பிட்டதைக் கேட்டு எனக்கு மூத்தவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கி, கடைசியில் அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் மிஞ்சியது.

கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் தமிழர்கள் நாங்கள் கொஞ்சப் பேர்தான். மலையை விட்டு இறங்கிவிட்டால் கடை, பஸ், பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாமே சிங்களம். என் வயதுக்காரர்கள் தடங்கல் இல்லாமல் பேசிவிடுவோம். காலமெல்லாம் கொழுந்து மலையிலேயே கிடந்தவர்களுக்கு டொக்டர் முன்னால் நின்றவுடன் தெரிந்த நாலு வார்த்தையும் மறந்துபோகும். சின்னம்மா ரப்பர் மலைக்குக் கீழே இருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். சிங்களத்தில் விலை பேசுவார், சண்டை போடுவார், துக்க வீட்டில் சிங்களத்திலேயே ஒப்பாரி வைக்கக்கூடியவர் என்று லயத்தில் கேலி செய்வார்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "நீ செத்தா ரெண்டு பாஷையிலயும் அழுறேன், போதுமா?" என்பார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. நோயாளியின் ஸ்டூலுக்குப் பின்னால், தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பார். டொக்டர் நீளமாக என்னவோ சொல்வார். சின்னம்மா மோவாயைத் தூக்கிக்கொண்டு முழுவதையும் கேட்பார். பிறகு குனிந்து, நோயாளியின் காதருகே, "ஒண்ணும் பயமில்லையாம்" என்று தொடங்குவார். எப்பேர்ப்பட்ட வியாதியும் அவர் வாயில் அப்படித்தான் தொடங்கும். அதற்குப் பிறகு ஒரே ஒரு வரி வரும். டொக்டர் சொன்ன நீளத்துக்கும் அந்த வரிக்கும் துளியும் பொருத்தம் இருக்காது.

நான் இதைக் கண்டுபிடித்தது என் அம்மா விஷயத்தில். அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அப்போது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், கூடவே போயிருந்தேன். டொக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாக விளங்கியது. இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், அப்புறம் பாதத்தை, அதற்கும் அடங்காவிட்டால் முழங்காலோடு என்று அவர் கையாலேயே அளந்து காட்டினார். அம்மாவுக்கு அந்தக் கை போன இடத்தைப் பார்த்தே முகம் வெளுத்துவிட்டது. சின்னம்மா குனிந்தார். "ஒண்ணும் பயமில்லையாம். இனிமே மலைக்குப் போறப்ப செருப்பு இல்லாம போகக்கூடாதாம். முழங்கால் வரைக்கும் நல்லா கழுவச் சொல்றாரு."

வெளியே வந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சின்னம்மா பொய் சொன்னீங்க? காலை எடுக்கணும்னு சொன்னாருதானே?"

"உங்கம்மா இனி செருப்பு போடுவாளா, மாட்டாளா?"

"போடுவாங்க."

"அப்புறம் என்ன? காலை வெட்டுறேன்னு சொல்லியிருந்தா அவ சோறு தின்னுவாளா? தூங்குவாளா? வேலைக்கு வேண்டியத சொன்னேன். மிச்சத்தை நான் வச்சுக்கிட்டேன்."

அம்மாவின் கால் தப்பியது. செருப்பில்லாமல் அவர் இன்றுவரை வாசலைக்கூடத் தாண்டுவதில்லை. அதனால் எனக்கு வாதாட ஒன்றும் இல்லாமல் போனது. ஆனாலும் அன்றிலிருந்து சின்னம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். இந்த மனுஷி இன்னும் யார் யாருடைய மிச்சத்தையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இப்படிச் சிரித்துத் திரிகிறாரோ என்று தோன்றும்.

அவருடைய வாய் ஒரே ஒரு தடவை தடுமாறியது. அது அவருடைய சம்பந்தி விஷயத்தில். சின்னம்மா தன் ஒரே மகளை மேல் லயத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகளும் மாப்பிள்ளையும் கொழும்பில் வேலை செய்ததால், அவருக்கு வயிற்றுவலி வந்து சுருண்டபோது சின்னம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பக்கத்தில் சம்பந்தி முறை என்றால் சும்மா இல்லை. அவர் எதிரே வந்தால் சின்னம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நிற்பார். அவரும் தலையைக் குனிந்துகொண்டு, "சுகமாங்க?" என்று தரையைக் கேட்டுவிட்டுப் போவார். இந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து டொக்டர் கேட்டிருக்கிறார்: வெளிக்கு எப்போது போனது, காற்றுப் பிரிகிறதா, கடைசியாக எப்போது பிரிந்தது?

சின்னம்மா பிறகு என்னிடம் சொன்னார். "அத எப்படி புள்ள அவரு மொகத்த பார்த்து கேக்குறது? 'எல்லாம் ஒழுங்கா இருக்குங்களா?'ன்னு கேட்டேன். அவரு தலைய ஆட்டினாரு. நான் டொக்டர்கிட்ட ஆமான்னுட்டேன்."

வாயுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் அவர் பச்சையாக வாந்தியெடுத்து மயங்கினார். எக்ஸ்ரேயில் குடல் அடைத்திருப்பது தெரிந்து, உடனே வெட்டினார்கள். வயிற்றின் பக்கவாட்டில் துளை போட்டு, குடலின் முனையை வெளியே எடுத்து ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில மாதங்களில் அந்தப் பையை எடுத்துத் துளையை மூடிவிட்டார்கள், அவர் இப்போதும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அந்த மாதங்களில் அவர் பட்ட பாட்டை சின்னம்மா கண்ணால் பார்த்தார். பத்துக் காம்பராவுக்கு ஒரு கக்கூஸ், தண்ணீருக்கு ஒரு பீலி. மனுஷன் எல்லோரும் வேலைக்குப் போகும்வரை வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்து அதன் பிறகு பீலிக்குப் போய்ப் பையைக் கழுவுவார். கோயில் திருவிழாவுக்குக் கீழே இறங்கவில்லை. வாடை வருகிறது என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னதைக் கேட்டு நெருப்புப் பட்டவர்போல் எழுந்து போனார்.

சின்னம்மா அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு கேள்வியை மட்டும் யாராயிருந்தாலும் வெட்கம் பார்க்காமல் கேட்டார். "காத்து பிரியுதா? வாயத் தொறந்து சொல்லு, இது கல்யாண வீடு இல்ல." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது தோட்டத்திலேயே அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அதனால்தான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சின்னம்மா நோயில் விழுந்த வருடம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். காலையில் பீலியடியில் சின்னம்மா குடத்தை வைத்துவிட்டு அப்படியே குந்தியிருந்தார். கேட்டதற்கு, "வாயு பிடிச்சிருக்கு டீச்சரம்மா" என்றார். இஞ்சி போட்ட ப்ளேன்டீயும் ஓமத் தண்ணீரும் குடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினார். அம்மா கொண்டுபோய்க் கொடுத்த கஞ்சியை வாங்கி வைத்துக்கொண்டார். குடித்தாரா, கோழிக்குக் கொட்டினாரா என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு நான் வலுக்கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்று நோயாளியின் ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். பின்னால் நான் நின்றேன். இளவயதுப் பெண் டொக்டர். சின்னம்மாவை அவருக்கு நன்றாகத் தெரியும். "அட, இன்றைக்கு நீங்களா அம்மே?" என்று சிரித்துக்கொண்டே அதே கேள்விகளைக் கேட்டார். வாந்தி? "ஒரு தடவை, சும்மா கொஞ்சம்." முன்பு ஒப்பரேஷன் ஏதாவது? "ஒன்றுமில்லை." வெளிக்குப் போகிறதா? "காலையில்கூடப் போனது." காற்று? "நன்றாகப் பிரிகிறது." சுத்தமான சிங்களத்தில், ஒரு சொல் தட்டாமல் சொன்னார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. கர்ப்பப்பையை எடுத்த தழும்பு அவர் வயிற்றில் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் அவரால் நிமிர முடியவில்லை. வயிறு பறைபோல் விறைத்திருந்தது. வாந்தி பச்சையாக வந்தது. த்ரீவீலரில் ஒவ்வொரு குழியிலும் என் கையை நகம் பதிய இறுக்கினார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். படுக்கவைத்து ஒன்று, நிற்கவைத்து ஒன்று. நிற்க முடியாத மனுஷியை ஏன் நிற்க வைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. நின்றால்தான் உள்ளே இருக்கிற காற்று மேலேயும் தண்ணீர் கீழேயும் பிரிந்து தெரியுமாம். நானும் ஒரு தாதியும் நிறுத்திவிட்டு விலகினோம். ஒரு நிமிடம் அந்த இரும்புப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பிலிம் தட்டுப்பாடு. திரையில் தெரிந்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டச் சொன்னார்கள். எடுத்தேன். என் போனில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிப் படங்களுக்கு அடுத்ததாகச் சின்னம்மாவின் வயிறு வந்து நின்றது.

டொக்டர் போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாக, தேயிலை மலையில் வெட்டிய படிகள் மாதிரி கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலே கறுப்பு, அது காற்று. கீழே சாம்பல், அது போக வழியில்லாமல் தேங்கிய தண்ணீர். டொக்டர் சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் வந்து படத்தைச் சின்னம்மாவுக்கே காட்டினார்.

"அம்மே, இங்கே பாருங்கள். அடைப்புக்குக் கீழே ஒரு துளிக் காற்றுக்கூட இல்லை. நேற்றுக் காலையிலும் போனது என்றீர்களே. போயிருந்தால் படம் இப்படி இருக்காது. உண்மையில் எப்போது கடைசியாகப் போனது?"

சின்னம்மா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ஊருக்காகச் சிங்களம் பேசியவர், அந்த இடத்தில் தமிழில் என்னிடம் சொன்னார்.

"நாலு நாளாச்சு புள்ள. நீயே சொல்லிடு."

நான் திரும்பி டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். தழும்பையும் அப்போதுதான் காட்டினார்.

மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சேலைன் ஏற்றி, அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டிக்குள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கேட்டேவிட்டேன். "எல்லாரையும் கேட்டீங்களே சின்னம்மா. உங்களோடத மட்டும் ஏன் மறைச்சீங்க?"

"கேட்டதாலதான் மறைச்சேன்." குழாய் தொண்டையை அறுத்ததால் மெதுவாகப் பேசினார். "என்ன பதில் சொன்னா என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியும். பைய ஒட்டி அனுப்புவாங்க. சம்பந்திக்குச் சமைச்சுப் போட சம்சாரம் இருந்திச்சு. எனக்கு யாரு? அந்தப் பீலியில நின்னு நான் கழுவணுமா?"

"நாங்க இருக்கோம்."

"இருக்கீங்க. மூக்கும் இருக்கு."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மழை அம்புலன்ஸ் கூரையில் கொட்டியது. மகளுக்குப் போன் செய்தேன். கொழும்பிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகவும், வழியில் வெள்ளம் என்றும் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கையில் மருந்து ஏற்றினால் உடம்பு முழுக்கச் சூடு பரவி, ஒன்றுக்குப் போனதுபோல் தோன்றுமாம். வெளியே தள்ளிக்கொண்டு வந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நனைச்சுட்டேன்னு நெனைச்சேன், இல்ல போல" என்று காதுக்குள் சொன்னார். அந்த நிலையிலும் அவருக்கு அது ஒரு மானப் பிரச்சினை. நான் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சத்திரசிகிச்சை டொக்டரும் ஸ்கேன் டொக்டரும் திரைக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசினார்கள். கதவு திறந்திருந்தது. கட்டில் கதவருகே இருந்தது. பழைய ஒப்பரேஷன் தழும்பின் உள்பக்கம் ஒட்டிக்கொண்ட நார் ஒன்று குடலைக் கயிறுபோல் சுற்றி இறுக்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. அந்தத் துண்டுக்கு இரத்தம் போகவில்லை. ஒரு பகுதி ஏற்கெனவே செத்திருக்கலாம். இப்போதே திறக்க வேண்டும். திறந்தாலும் தாங்குவாரா என்பது நிச்சயமில்லை. பை வைக்க வேண்டி வரலாம். நேற்றே வந்திருந்தால் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தலையை ஆட்டினார்.

சிங்களமாக இருந்திருந்தால் சின்னம்மாவே கேட்டிருப்பார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. என் கையை இழுத்தார்.

"என்னா சொல்றாங்க?"

நான் அவர் தோளில் கையை வைத்தேன். அதை ஏன் செய்தேன் என்று தெரியாது, கை தானாகப் போனது. "குடல் கொஞ்சம் மடங்கியிருக்காம் சின்னம்மா. சரி பண்ணிடலாமாம். பயப்பட ஒண்ணுமில்…"

"நிறுத்து." கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தார். "அவ்வளவு நேரம் பேசினாங்க. நீ இம்புட்டுதான் சொல்ற. நான் பண்ற வேலைய எனக்கே பண்ணாத. மிச்சத்தையும் சொல்லு."

சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நாரைச் சொன்னேன், இரத்தத்தைச் சொன்னேன், பையைச் சொன்னேன், தாங்குவது நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன். நேற்றே வந்திருந்தால் என்றதையும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் பயம் ஏறுவதைப் பார்த்தேன். எத்தனையோ பேர் முகத்தில் ஏறவிடாமல் அவர் தடுத்துவைத்த பயம் அது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா கேட்டா இப்படியா புள்ள இருக்கும்?" என்றார்.

கண்ணை மூடினார். திறந்தபோது, "சம்பந்தி இப்பவும் நடமாடுறாருதானே" என்றார்.

"போன வாரம்கூட கோயிலுக்கு வந்தாருங்க."

"அப்ப கையெழுத்து வச்சிடுவோம்."

வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். குடலில் ஒரு பெரிய துண்டு கறுத்துப்போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள். பையும் வைத்தார்கள். ஆனால் விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. மகள் வந்து சேர்ந்தபோது சின்னம்மா மெஷினில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். கண் திறக்கவேயில்லை, மூன்றாம் நாள் போய்விட்டார். இப்போது தோட்டத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன். ஸ்டூலுக்குப் பின்னால் நிற்கிறேன். எவ்வளவு சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் வாயைத் திறக்கிறேன். அந்த எக்ஸ்ரே படம் இன்னும் என் போனில் இருக்கிறது. போன் மாற்றியபோது அதையும் மாற்றிக்கொண்டேன்.

ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பச்சை உடுப்போடு ஒரு தாதி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார். சின்னம்மாவின் காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து வேகமான சிங்களத்தில் சொன்னார்: "ஆள் நிலைமை மோசம். எந்த நேரமும் கூப்பிடுவோம். இந்த இடத்தை விட்டு எங்கேயும் போகாதீர்கள், தண்ணீர் குடிக்கக்கூட." அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சின்னம்மா மோவாயைத் தூக்கி அதை முழுவதும் கேட்டார். கட்டில் நகரத் தொடங்கியிருந்தது. தலையை என் பக்கம் திருப்பினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"ஒண்ணும் பயமில்லையாம்" என்றார். "நீ போயி ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா வரலாமாம்."

"சரிங்க சின்னம்மா" என்றேன். கதவு மூடும்வரை தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.